வகுப்பறை ஒழுங்கும் வீட்டுப் பழக்கமும்

நம் தோட்டப்புறங்களில் பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்த்துவிட்டுத் திரும்பும் பெற்றோர் பலர், "இனி எல்லாம் ஆசிரியர் பொறுப்பு" என்று பெருமூச்சு விடுவதைக் காண்கிறோம். அந்தப் பெருமூச்சை அலட்சியம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. விடியுமுன் வெட்டுக்குப் போய், உச்சி வெயிலில் பால் நிறுத்துக் கொடுத்து, அதன் பின்னரே வீட்டு அடுப்பைப் பார்க்கும் ஒரு தாய்க்குப் பள்ளிக்கூடம் தன் சுமையில் ஒரு பகுதியை இறக்கி வைக்கும் சுமைதாங்கியாகத் தோன்றுவது இயல்பே. எனினும் அந்தச் சுமை முழுவதும் இறங்குவதில்லை. பள்ளிக்கூடம் ஏற்றுக்கொள்ளும் பாதிக்கு ஈடாக வீட்டில் நடைபெற வேண்டிய பாதி ஒன்று உண்டு. அது யாதென்று எடுத்துச் சொல்வார் இல்லாத காரணத்தினாலேயே அறிவிற் குறைவில்லாத பிள்ளைகள் பலர் மூன்றாம் ஆண்டுக்குள் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய்விடுகின்றனர்.

தோட்டப் பள்ளிக்கூடம் நமக்குப் புதிதன்று. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி அமைக்கும் கடமையை நிருவாகத்தின் மேல் சுமத்த வழி செய்தது. அக்காலத்துப் பள்ளிகள் பலவற்றில் எல்லா வயதுப் பிள்ளைகளும் ஒரே கொட்டகையில் அமர்ந்து, ஒரே ஆசிரியரிடம் பயின்றனர். பிள்ளை வந்தால் வந்தது, வராவிட்டால் ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது. இன்றைய நிலை அதுவன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் 2002இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 2003 ஜனவரி முதல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தவறும் பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை தண்டம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. தண்டத்திற்கு அஞ்சி அனுப்புவதை விட, அனுப்பும் பிள்ளை எவ்வாறு போய்ச் சேர வேண்டும் என்று அறிந்து அனுப்புவதே நாம் இங்கே பேச விரும்பும் செய்தி.

இரண்டு கடிகாரங்கள்

தோட்டத்துப் பிள்ளையின் காலை வேளை பட்டணத்துப் பிள்ளையின் காலை வேளையைப் போன்றதன்று. கித்தா மரத்தில் வெயில் ஏறுமுன் பால்குழாய்களின் அழுத்தம் மிகுந்திருக்கும். நேரம் செல்லச் செல்ல அது குறையும். ஆதலால் விடியற்காலை வெட்டுக்கே பால் அதிகம். இதனைப் பால்வெட்டுத் தொழிலாளருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பெரட்டுக்கு ஐந்தரைக்கும் ஆறுக்கும் நிற்க வேண்டியவர் பிள்ளையை ஆறரைக்கு எழுப்ப இயலாது. பள்ளி மணியோ ஏழரையை ஒட்டி அடிக்கிறது. மரத்தின் கடிகாரத்திற்கும் பள்ளியின் கடிகாரத்திற்கும் இடைப்பட்ட அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டில் பெரியவர் எவரும் இருப்பதில்லை. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயது அக்காள்தான் அந்நேரத்திற்குத் தாய்.

"காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டி, பசியாறச் செய்து, பையைச் சரிபார்த்து அனுப்புங்கள்" என்று அறிவுரை கூறும் கட்டுரைகளை நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவை யாருக்காக எழுதப்பட்டவையோ தெரியவில்லை. வெட்டுக்குப் போகும் குடும்பத்திற்கு அவை பயன்படா. காலையில் செய்ய முடியாதவற்றை முதல் நாள் மாலையிலேயே செய்து வைப்பதுதான் நமக்கு ஏற்ற வழி. வெட்டுக்கத்தியை எவரும் மரத்தடியில் போய் நின்றுகொண்டு தீட்டுவதில்லை அல்லவா? வீட்டிலேயே தீட்டி எடுத்துக்கொண்டுதானே நிரைக்குப் போகிறோம்!

முதல் பாடவேளை

பள்ளியின் முதல் பாடவேளையில் நடப்பது என்ன? பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குச் செல்கின்றனர். ஆசிரியர் உள்ளே நுழைந்ததும் எழுந்து வணக்கம் கூறுகின்றனர். வருகைப் பதிவு நடைபெறுகிறது. நேற்றைய வீட்டுப்பாடம் திரட்டப்படுகிறது. பிறகு ஆசிரியர், இன்றைய பாடம் நேற்றைய பாடத்தோடு எவ்விதத்தில் தொடர்புடையது என்பதை ஐந்து பத்து நிமிடங்களில் வாய்மொழியாகவோ ஒரு படத்தைக் காட்டியோ விளக்குகிறார். கரும்பலகையாயினும் வெண்பலகையாயினும் அதில் எழுதப்படுவது பின்னரும் இருக்கும். வாயால் சொல்லப்பட்ட அந்தத் தொடர்பு மட்டும் திரும்ப வராது. பிந்தி வரும் பிள்ளை மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்து எழுதும். ஏன் எழுதுகிறோம் என்பது அதற்குத் தெரியாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டில் ஏறத்தாழ 190 பள்ளி நாள்கள் என்று கொள்வோம். நாள்தோறும் கால் மணி நேரம் பிந்தும் பிள்ளை 2,850 நிமிடங்களை இழக்கிறது. தொடக்கப் பள்ளியில் ஒரு பாடவேளை 30 நிமிடம். ஆகவே இழப்பு 95 பாடவேளைகள். நாளொன்றுக்குப் பத்துப் பாடவேளைகள் எனில் ஒன்பதரை நாள், அதாவது ஏறத்தாழ இரண்டு வாரப் பள்ளிக்கூடம்! பிள்ளையை இரண்டு வாரம் வீட்டில் நிறுத்திக்கொள்ள எந்தப் பெற்றோரும் இசையமாட்டார். கால் மணி நேரத் தாமதத்தை மட்டும் பெரிதாக எண்ணுவதில்லை.

பிந்தி வரும் பிள்ளைக்கு வேறொரு துன்பமும் உண்டு. நாற்பது கண்கள் திரும்பிப் பார்க்க, அது தலை குனிந்து தன் இடத்திற்குப் போகிறது. நாள்தோறும் இவ்வாறு நிகழுமாயின் பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி வந்துவிடும். மருத்துவர் கண்டுபிடிக்க முடியாத வயிற்றுவலிகளுள் சில இவ்வகையின.

முதல் நாள் இரவு

இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் போதும். பிள்ளையின் கால அட்டவணையைச் சமையலறைச் சுவரிலோ கதவின் பின்புறத்திலோ ஒட்டி வையுங்கள். மறுநாளைக்குரிய பாடங்களைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். அதற்குரிய புத்தகங்களைப் பிள்ளையே எடுத்துப் பையில் வைக்கட்டும். நாம் எடுத்து வைக்கலாகாது. முதல் மாதத்தில் நாம் பக்கத்தில் அமர்ந்து பார்ப்போம். இரண்டாம் மாதத்தில் கேட்டு மட்டும் கொள்வோம். பள்ளி விடுமுறைக்குப் பின் பிள்ளைக்கே அது கைப்பழக்கமாகிவிடும். எல்லாப் புத்தகங்களையும் நாள்தோறும் சுமக்கும் பிள்ளைகளை நாம் பார்க்கிறோம். சுறுசுறுப்பினால் அவ்வாறு சுமப்பதாக எண்ண வேண்டாம். எது வேண்டும் என்று தெரியாமையே அதற்குக் காரணம்.

முதற்படிநிலைப் பிள்ளைகள் பென்சிலால் எழுதுபவர்கள். கூரில்லாத பென்சிலோடு வரும் பிள்ளை, பாடம் தொடங்கும் வேளையில் அடுத்த பிள்ளையிடம் கடன் கேட்கிறது. அங்கே பேச்சு எழுகிறது, பேச்சு பூசலாகிறது, ஆசிரியர் பாடத்தை நிறுத்துகிறார். முந்திய இரவில் இரண்டு பென்சிலைச் சீவி வைத்திருந்தால் இத்தனையும் நேர்ந்திராது. அழிப்பான், அளவுகோல், நீர்ப்புட்டி ஆகியவற்றில் பிள்ளையின் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். காணாமற்போன அழிப்பான்களைப் பற்றிய வழக்குகளைத் தீர்ப்பதில் ஆசிரியர்கள் செலவிடும் நேரம் கொஞ்சநஞ்சமன்று.

உடையும் காலணியும் இரவிலேயே ஓரிடத்தில் இருக்கட்டும். வெள்ளைக் காலணிக்குச் சாயம் தீட்டிக் காய வைத்த ஞாயிற்றுக்கிழமைகள் நம் நினைவில் இருக்கும். 2021 முதல் கறுப்புக் காலணி நடைமுறைக்கு வந்தபின், செம்மண் பாதையில் நடந்து வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியது.

இவை அனைத்தையும் விடத் தூக்கம் முக்கியம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்பது மணிக்குப் படுத்துவிட வேண்டும். வெட்டுக்குப் போகும் நாமும் அந்நேரத்தை ஒட்டித்தானே படுக்கிறோம்? லயத்தில் ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஓடினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். கைப்பேசியோ சத்தமின்றியே பிள்ளையை நள்ளிரவு வரை விழிக்க வைத்துவிடும். இரவில் கைப்பேசி பெரியவரின் தலைமாட்டில் இருக்கட்டும். விடியற்காலைப் பெரட்டுக்கு எழுப்பும் மணியும் அதில்தானே இருக்கிறது!

பசியாறாத பிள்ளை

காலை பத்து மணிக்கு மேல் கணக்குப் பாடத்தில் தலை சாய்த்துக்கொள்ளும் பிள்ளையைப் 'படிப்பில் நாட்டமில்லாதது' என்று முடிவு கட்டுவதற்கு முன், அது பசியாறி வந்ததா என்று கேட்பது நல்லது. சீனி மிகுந்த தேநீரும் இரண்டு ரொட்டியும் ஒரு மணி நேரத்திற்கே தாங்கும். தாய் வெட்டுக்குப் புறப்படுமுன் சமைத்து மூடி வைக்கும் சோறோ, முந்திய இரவே வேக வைத்த முட்டையோ, அவித்த கடலையோ, மரவள்ளிக் கிழங்கோ இருந்தால் நன்று. அக்காள் அடுப்பு மூட்ட வேண்டிய நிலையை மட்டும் ஏற்படுத்த வேண்டாம். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் கூடுதல் உணவுத் திட்டத்தைப் பள்ளிகளில் நடத்தி வருகிறது. அதில் பிள்ளையின் பெயரைச் சேர்க்க வேண்டுமாயின், குடும்ப வருமான விவரத்தைப் பள்ளி கேட்கும்போது தயங்காமல் தர வேண்டும். "இலவசச் சோறு நமக்கெதற்கு" என்ற தன்மானப் பேச்சை இவ்விடத்தில் நாம் ஏற்பதற்கில்லை. பாடநூல் இரவல் திட்டம் 1975இல் தொடங்கியபோதும் இவ்வாறு கூச்சப்பட்டவர்கள் இருந்தார்கள். 2008 முதல் வருமான வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் அந்நூல்களையே பயன்படுத்துகின்றனர்.

அந்நூல்கள் இரவல் நூல்கள் என்பதையும் பிள்ளைக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வேறொரு பிள்ளை அதே நூலைப் படிக்கும். அட்டை போட்டுத் தருவது பெற்றோர் வேலை. கிறுக்காமல் வைத்திருப்பது பிள்ளையின் வேலை.

வகுப்பறையில் எதிர்பார்க்கப்படுவது

வகுப்பறை விதிகள் ஆசிரியரின் மனப்போக்கிற்கேற்ப எழுந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றிற்கும் காரணம் உண்டு. கை உயர்த்திப் பேசுவது, வாய் திறக்கத் தயங்கும் பிள்ளைக்கும் ஒரு வாய்ப்புக் கிடைப்பதற்காக. கழிவறைக்கு அனுமதி கேட்டுச் செல்வது, எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்பது ஆசிரியருக்கு எந்நேரமும் தெரிந்திருப்பதற்காக. வகுப்புத் துப்புரவுக் கடமை நாளொரு குழுவுக்கு வரும். "என் பிள்ளை கூட்டுவதற்கா பள்ளிக்கு வருகிறது?" என்று கேட்ட பெற்றோரும் உண்டு. தான் அமரும் இடத்தைத் தானே தூய்மை செய்வது இழிவாகாது. பெண் பிள்ளைகளிடம் மட்டும் துடைப்பத்தைக் கொடுத்தால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

சிறிய தோட்டப் பள்ளிகளில் இந்த ஒழுங்குக்குத் தனி மதிப்பு உண்டு. பிள்ளைகள் குறைந்து 150க்குக் கீழ்ப்பட்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்கிறோம். நம் தமிழ்ப்பள்ளிகளுள் பெருந்தொகையின இவ்வகையைச் சார்ந்தவை. அவற்றுள் மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் கூட்டு வகுப்பும் உண்டு. ஆசிரியர் மூன்றாம் ஆண்டுக்குப் பெருக்கல் விளக்கும்போது இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் தாமாகவே எழுத்துப் பயிற்சியில் ஈடுபட்டிருக்க வேண்டும். பதினைந்து நிமிடம் பிறர் துணையின்றி ஒரு வேலையைச் செய்து முடிக்கும் பழக்கம் இல்லாத பிள்ளை அங்கே தானும் கல்லாது, பிறரையும் கற்கவிடாது. இப்பழக்கத்தை வீட்டிலேயே ஊட்டலாம். கீரை ஆய்வதோ, துணி மடிப்பதோ, படம் வரைவதோ எதுவாயினும், ஒரு சிறு வேலையைக் கொடுத்து, முடித்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும் என்று பழக்கினால் போதும்.

2020 மார்ச் 18ஆம் நாள் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, இந்தப் பழக்கங்களின் அருமை நமக்கு விளங்கிற்று. பாடங்களைக் கைப்பேசி வழி ஓரளவு அனுப்ப முடிந்தது. வரிசையில் நிற்பதையும், பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பதையும், நாற்காலியில் அரை மணி நேரம் அமர்ந்திருப்பதையும் அனுப்ப முடியவில்லை. குடும்பத்திற்கு ஒரே கைப்பேசி இருந்த வீடுகளில் பாடமும் முழுமையாகப் போய்ச் சேரவில்லை.

அடியைப் பற்றி ஒரு சொல். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பது நம் முன்னோர் வழக்கம். ஆசிரியர் மேல் கொண்ட நம்பிக்கையின் அடையாளமாக அவர்கள் அதனைச் சொன்னார்கள். இன்றைய விதிமுறை வேறு. பிரம்படி கொடுக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் அவர் அதிகாரம் அளித்த ஆசிரியருக்கும் மட்டுமே உண்டு. பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தல் கூடாது. பெற்றோர் இதனை அறிந்திருக்க வேண்டும். வீட்டில் "இரு, வாத்தியாரிடம் சொல்கிறேன்" என்று மிரட்டுவதையும் நாம் நிறுத்திக்கொள்வது நலம். அச்சுறுத்தும் பூச்சாண்டியாக ஆசிரியரை வீட்டில் காட்டிவிட்டு, வகுப்பில் அவரிடம் ஐயம் கேள் என்றால் பிள்ளை எப்படிக் கேட்கும்?

வராத நாள்கள்

மழை நாளில் வெட்டு இல்லை, பள்ளி உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, அப்பாவும் அம்மாவும் வீட்டிலிருக்கும் நாளில் பிள்ளையையும் நிறுத்திக்கொள்வது தோட்டங்களில் இன்னும் காணப்படும் வழக்கம். பாதை சேறாகிவிட்டது உண்மையே. ஆனால் அப்பாவுக்கு ஓய்வு கிடைக்கும் அந்த நாளில்தான் பிள்ளையைத் தோளில் சுமந்தோ விசையுந்தில் ஏற்றியோ பள்ளி வாசல்வரை கொண்டுவிட வழியுண்டு. திருமணத்திற்காக முந்திய நாளும் பிந்திய நாளும் சேர்த்து நான்கு நாள், கோயில் திருவிழாவிற்காக மூன்று நாள், தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ போய் வந்த அலுப்பில் இரண்டு நாள் என்று கூட்டிக்கொண்டே போனால் மாதக்கணக்கில் வந்து நிற்கும். விழாவுக்குப் போக வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வந்த மறுநாளே பள்ளிக்கு அனுப்புங்கள் என்றே சொல்கிறோம்.

மனம் வருந்தச் செய்வது ஒன்றுண்டு. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் வெட்டுக்குப் போகிறாள். அக்காள் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுகிறாள். ஒரு நாள் கூலியும் ஒரு நாள் பாடமும் எதிரெதிர்த் தட்டில் வைக்கப்படும்போது பாடமே மேலே தூக்கப்படுகிறது. கூலியின் அருமையை அறியாதவர்களாய் இதைச் சொல்லவில்லை. லயத்தில் அன்று ஓய்விலிருக்கும் அத்தையோ பாட்டியோ அண்டை வீட்டாரோ குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மாற்று நாளில் நாம் அவர்களுக்கு உதவும் முறை முன்னைய தோட்ட வாழ்வில் இருந்தது. அதை மறுபடி வழக்கத்தில் கொண்டுவருவது முடியாத காரியமன்று.

பிள்ளை உண்மையிலேயே நோயுற்று வராதபோது, அன்றே வகுப்பாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். திரும்பி வரும் நாளில் மருத்துவச் சான்றையோ காரணம் எழுதிய கடிதத்தையோ கொடுத்தனுப்ப வேண்டும். கடிதம் நான்கு வரியில் இருந்தால் போதும். காரணம் தெரிவிக்கப்படாத வராமை தொடருமானால் பள்ளி எச்சரிக்கைக் கடிதம் அனுப்பும். அக்கடிதம் வந்ததும் ஒளித்து வைக்காமல் நேரில் போய்ப் பேசுவதே முறை.

வீட்டுப்பாடமும் படிப்பறியாப் பெற்றோரும்

"எனக்கே எழுத்துத் தெரியாது, நான் எங்கே சொல்லிக் கொடுப்பது?" என்பார் உண்டு. பாடம் சொல்லிக் கொடுப்பது பெற்றோர் வேலை என்று எவரும் கேட்கவில்லை. பார்ப்பதும் கேட்பதுமே அவர் வேலை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, இன்றைய நாள் எழுதப்பட்டிருக்கிறதா, பக்கம் பாதியில் நிற்கிறதா, சிவப்பு மையில் திருத்தியவற்றைப் பிள்ளை மறுபடி எழுதியிருக்கிறதா என்பதை எழுத்தறியாதவரும் காண முடியும். "இந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டு" என்று கேட்கலாம். தடுக்கும் இடத்தில் பிள்ளையின் முகமே காட்டிக் கொடுத்துவிடும். அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, "நாளைக்கு ஆசிரியரிடம் இதைக் கேள்" என்று சொல்லி அனுப்பினால் அதுவே பெரிய உதவி.

எழுத்தறிந்த பெற்றோர் சிலர் செய்யும் உதவி, உபத்திரவமாவதும் உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்து எழுதுவதும், நேரமாகிவிட்டதென்று தாமே கணக்கைப் போட்டுக் கொடுப்பதும் ஆசிரியரை ஏமாற்றுவதாகும். தவறான விடையோடு வரும் நோட்டு, பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்று ஆசிரியருக்குக் கூறும். அப்பா போட்ட சரியான விடை எதையும் கூறாது.

தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகள். வரிசையாக அவற்றைப் பாடிக் காட்டும் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பாட்டாக வருவது நாவில் இருப்பது. வரிசையைக் கலைத்து, நாள்காட்டியிலோ அரிசிப் பையிலோ உள்ள எழுத்தைத் தொட்டுக் காட்டிக் கேட்டால்தான் உண்மை தெரியும். இரண்டாம் ஆண்டின் இடையில் எளிய இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைத் தட்டுத் தடுமாறியேனும் படிக்காத பிள்ளையைப் பற்றி உடனே ஆசிரியரிடம் பேசுங்கள். வளர வளர வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். கண்பார்வைக் குறையாக இருக்கலாம். காது மந்தமாக இருக்கலாம். எழுத்துகள் குழம்பித் தோன்றும் இடர்ப்பாடாகவும் இருக்கலாம். முதல் மூன்றாண்டுகளில் கண்டுகொண்டால் பெரும்பாலும் வழியுண்டு. நான்காம் ஆண்டில் வரலாறும் அறிவியலும் நீண்ட வாக்கியங்களில் வரும்போது, வாசிக்க வராத பிள்ளைக்கு எல்லாப் பாடமும் ஒருசேர மூடிக்கொள்கின்றன.

வீட்டில் தமிழ் பேசினால் மலாயும் ஆங்கிலமும் வராது போய்விடுமோ என்று அஞ்சுவோர்க்கு ஒன்று கூறுவோம். வீட்டு மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மற்ற மொழிகளும் எளிதில் வரும். தாய்மொழியில் ஒரு செய்தியைத் தொடக்கம், நடு, முடிவு என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, மலாயில் அதற்கான சொற்களை மட்டுமே தேட வேண்டியிருக்கும். "இன்று பள்ளியில் என்ன நடந்தது?" என்று மாலையில் கேட்டு, முழுக் கதையையும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

எத்தனையாவது இடம்?

தேர்ச்சி அறிக்கையைக் கையில் வாங்கியதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனையாவது இடம்?" இக்கேள்விக்கு இப்பொழுது பல அறிக்கைகளில் விடை இருக்காது. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2019இல் இறுதியாக நடைபெற்று, 2021இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 2019 முதல், முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் விலக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீட்டு முறை வழக்கிற்கு வந்துவிட்டது. இம்முறையில் ஆசிரியர் ஆண்டு முழுவதும் பிள்ளையைக் கவனித்து, ஆறு அடைவு நிலைகளுள் ஒன்றில் வைக்கிறார். முதல் நிலை, பிள்ளைக்குச் செய்தி தெரியும் என்பது. மூன்றாம் நிலை, தெரிந்ததைப் பயன்படுத்திச் செய்ய முடியும் என்பது. ஆறாம் நிலை, பிறர்க்கு முன்மாதிரியாகச் செய்யும் திறன். குறைந்த அளவாக மூன்றாம் நிலையை எட்ட வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. ஆகவே, "இடம் எது?" என்று கேளாமல், "எந்தப் பாடத்தில் மூன்றுக்குக் கீழே இருக்கிறது? எதனால்?" என்று கேட்பதே பொருத்தமான கேள்வி. தேர்வு இல்லை என்பதால் படிக்க வேண்டியதில்லை என்று சில பிள்ளைகள் வீட்டில் கூறுவதாக அறிகிறோம். தேர்வுக்கு முந்திய வாரம் விழித்துப் படித்துத் தப்பிக்கும் வழி அடைபட்டுவிட்டதால், நாள்தோறும் வகுப்பில் செய்யும் வேலைக்கே இப்போது மதிப்பு மிகுதி.

ஆசிரியரைச் சந்தித்தல்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களுக்குத் தோட்டத்துப் பெற்றோர் வருவதில்லை என்று ஆசிரியர்கள் குறைகூறக் கேட்டிருக்கிறோம். ஏன் வருவதில்லை என்பதையும் பெற்றோரிடமிருந்து கேட்டிருக்கிறோம். காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் அந்நேரம் மங்கில் பால் நிறைந்துகொண்டிருக்கும். வேலை முடிந்து நேரே வந்தால் உடம்பில் ஒட்டுப்பால் நாற்றம். அந்த உடையோடு அலுவலகத்தில் நுழையக் கூச்சம். வந்தாலும் பிள்ளையின் குறைகளை மட்டுமே பட்டியலிட்டால் மறுமுறை வர யாருக்கு மனம் வரும்? ஆகவே இவ்விடத்தில் பள்ளித் தரப்பினரிடமும் நாம் வேண்டிக்கொள்கிறோம். தோட்டப் பள்ளியின் கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்குமேல் நடைபெறட்டும். பிள்ளையிடம் கண்ட நல்லது ஒன்றை முதலில் சொல்லிவிட்டுக் குறைக்கு வரட்டும். பெற்றோரும் கூச்சத்தை விட வேண்டும். பால்வெட்டி ஈட்டிய கூலியில் பிள்ளையைப் படிக்க வைப்பவர், வெட்டு உடையோடு பள்ளிக்குள் நுழைவதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

வகுப்புக்கென ஆசிரியர் வைத்திருக்கும் புலனக் குழுவில் அறிவிப்புகள் வருகின்றன. அதனைப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையின் தனிப்பட்ட குறையையோ ஆசிரியர்மீது எழும் மனத்தாங்கலையோ அக்குழுவில் எழுதலாகாது. நாற்பது குடும்பங்கள் படிக்கும் இடம் அது. ஆசிரியரை நேரிலோ, அவர் குறித்துக் கொடுத்த நேரத்தில் தொலைபேசியிலோ அணுகலாம். வகுப்பு நடக்கும் வேளையில் சன்னலோரம் நின்று பிள்ளையை அழைப்பதும், மறந்து விட்ட புத்தகத்தை நேரே வகுப்புக்குள் கொண்டுபோய்க் கொடுப்பதும் பாடத்தைக் குலைக்கும். அலுவலகத்தில் கொடுத்தால் அவர்கள் சேர்த்துவிடுவார்கள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2026 முதல் பள்ளி ஆண்டு மீண்டும் ஜனவரியில் தொடங்குகிறது. அதை அடுத்து வரும் மாதங்களில் கித்தா மரம் இலையுதிர்த்துப் பால் குறையும், கூலியும் குறையும். பள்ளி ஆண்டுத் தொடக்க உதவித் தொகை 2023இல் பிள்ளைக்கு 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அது கிடைக்கும்போது காலணி, சீருடை, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றை முதலில் வாங்கிவிட்டால், இலையுதிர் மாதங்களில் கடைக்காரரிடம் கடன் சொல்ல வேண்டியிராது.

தோட்டம் மாறும்போது

கித்தாத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறி, குடும்பங்கள் இடம்பெயர்வது நாம் பல ஆண்டுகளாகக் காணும் நிகழ்ச்சி. ஆண்டின் இடையில் பள்ளி மாறும் பிள்ளை, பழகிய ஒழுங்குகள் அனைத்தையும் ஒரே நாளில் இழக்கிறது. கூடுமாயின் பள்ளி விடுமுறையை ஒட்டி மாறுங்கள். புறப்படுமுன் பழைய பள்ளியில் மாற்றத்திற்கான பத்திரங்களைக் கேட்டுப் பெறுங்கள். இரவல் பாடநூல்களைப் பற்றி அங்கேயே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். புதிய பள்ளியில் சேர்க்கும் நாளில், பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, வீட்டுப்பாடம் எதில் எழுதப்படும், வகுப்பாசிரியர் யார், பிள்ளையை யார் அழைத்துச் செல்லலாம் என்ற நான்கையும் கேட்டுக்கொண்டு வாருங்கள். வீடு காலி செய்யும் அவசரத்தில் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகங்களைப் பழைய தாள் வாங்குவோரிடம் போட்டுவிடாதீர்கள். சிவப்பு மைத் திருத்தங்களோடு கூடிய அந்த நோட்டுகளைப் புதிய ஆசிரியரிடம் கொடுத்தால், பிள்ளை எதுவரை கற்றிருக்கிறது, எங்கே தடுக்கிறது என்பதை அவர் முதல் வாரத்திலேயே பார்த்துக்கொள்வார்.